பழைய மஹிந்திரா ஜீப்பை வீட்டிலேயே தேற்றி மலையேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்த சி.ஜே.3பி, சி.ஜே.340, எம்.எம்.540, எம்.எம்.550, கமாண்டர், மேஜர் எல்லாம் இன்னும் நம் ஊர் எஸ்டேட்டுகளிலும் தோப்புகளிலும் பாதி ஓடிக்கொண்டும் பாதி தார்ப்பாய்க்கு அடியிலும் கிடக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி, வீட்டு வாசலில் வைத்து வேலை பார்த்து, மலைக்குக் கூடாரத்தோடு கிளம்ப நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே. பதில்கள் பெரும்பாலும் எம்.எம்.540-ஐ மனத்தில் வைத்து எழுதியவை. மற்றவற்றுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எந்த மாடலை வாங்கலாம்?

வேலை கற்றுக்கொண்டே ஓட்ட வேண்டும் என்றால் எம்.எம்.540. அதில் இருப்பது பெஜோ உரிமத்தில் இங்கேயே செய்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின், 2,112 சி.சி. மெக்கானிக்குகள் வாயில் அது வெறும் 'பெஜோ இன்ஜின்'. சத்தம் குறைவு, இழுவையும் சுமார்தான். ஆனால் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசலும் காற்றும் சரியாகப் போனால் ஓடும். பின்னால் வந்த சில மாடல்களில் 2,523 சி.சி. டி.ஐ. இன்ஜின் இருக்கும், அதாவது டீசலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. கரடுமுரடாகக் கத்தும், ஆனால் குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும். மலைக்கு நான் டி.ஐ. பக்கம்தான்.

சி.ஜே.3பி அழகு. 80 அங்குல வீல்பேஸ், உயரமான பானெட், அந்த முகத்துக்கே ஒரு கூட்டம் உண்டு. ஆனால் இரண்டு பேரும் இரண்டு பையும் ஏறினால் இடம் முடிந்தது. பெட்ரோல் ஹரிக்கேன் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஏதாவது ஒரு டீசல் இன்ஜினை ஏற்றிய வண்டிகளும் நிறைய. அதில் காகிதச் சிக்கல் வரும், கீழே சொல்கிறேன்.

ஜீப் என்றாலே நான்கு சக்கர இழுவைதானே?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.எம்.540, கமாண்டர், மேஜர் எல்லாவற்றிலும் பின் சக்கர இழுவை மட்டுமுள்ள வண்டிகள் ஏராளம். விற்பவர் என்ன சொன்னாலும் சரி, குனிந்து முன் ஆக்சிலைப் பாருங்கள். பின் ஆக்சிலில் இருப்பதுபோல முன்னாலும் டிஃபரன்ஷியல் குண்டு (இழுவையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரங்கள் உள்ள உருண்டை) இருக்க வேண்டும், அதற்கு கியர் பாக்ஸ் பக்கமிருந்து ஒரு ஷாஃப்ட் வர வேண்டும். வெறும் இரும்புத் தண்டு மட்டும் இருந்தால் அது டூவீல் டிரைவ்.

குண்டு இருந்தும் உள்ளே கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி இல்லாத வண்டிகளும் உண்டு. ஒரு மண் மேட்டில் ஏறி, லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) போட்டு, முன் சக்கரம் இழுக்கிறதா என்று பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். துரு பிடித்த வண்டியை மீட்டுவிடலாம், ஆர்.சி. செத்த வண்டியை மீட்பது வேறு கதை.

சேஸ் நம்பரைத் துணியால் துடைத்து, விரலால் தடவி, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தேய்த்துத் திரும்ப அடித்தது போலத் தெரிந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இன்ஜின் நம்பரும் எரிபொருளும் அப்படியே. ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்கு அடியில் டீசல் என்றால் அந்தத் தலைவலி நாளை உங்களுடையது. இருக்கைகளின் எண்ணிக்கை, பாடி வகை, நிறம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, பிரேக் இன்ஸ்பெக்டர் முன் வண்டியைக் காட்டுவது, பசுமை வரி எல்லாம் அதில் அடக்கம். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் கார், ஜீப் வகைக்கு 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று.

டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததால் அங்கிருந்து மலிவாக நிறைய வண்டிகள் தெற்கே வந்தன. மலிவு என்பதற்காக மயங்க வேண்டாம். தடையில்லாச் சான்று கையில் வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

ராணுவ ஏல வண்டி வாங்கலாமா? தப்வாலியில் பூட்டித் தருகிறார்களாமே?

ராணுவம் கழித்துவிட்ட வண்டி ஏலத்தில் வருவது உண்மை. பல வண்டிகளில் 24 வோல்ட் மின்சாரம் இருக்கும். நம் ஊர் ஹாரனிலிருந்து பல்பு வரை எதுவும் ஒத்துவராது. ஏலக் காகிதத்தை வைத்துப் பதிவு செய்ய முடியுமா என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஏலம் கேளுங்கள்.

அரியானாவின் மண்டி தப்வாலி, திறந்த ஜீப் பூட்டுவதற்குப் பேர்போன ஊர். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அந்த வண்டி எந்த ஆர்.சி.யின் மேல் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

புது பெயின்ட் அடித்த பழைய ஜீப்பை நம்பாதீர்கள். விற்பதற்காக அடித்த பெயின்டுக்கு அடியில் பட்டி இருக்கும், பட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கும்.

ஒரு சிறு காந்தம், தட்டையான ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், டார்ச் இவை போதும். காந்தத்தை மட்கார்டு, கதவு ஓரம், பின் தொட்டியின் மூலைகளில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடமெல்லாம் பட்டி. பிறகு கீழே படுங்கள். தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்காகத் தொப்பி வடிவில் மடித்த பட்டைகள் ஓடும். பாடி சேஸில் உட்காருவது இவற்றின் மேல்தான். மேலே தரை நன்றாகத் தெரியும், ஆனால் சேறு இந்தப் பட்டைக்குள் புகுந்து வருடக்கணக்கில் ஈரமாகவே இருந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்துங்கள். நல்ல இரும்பு எதிர்க்கும். போனது அப்பளம் போல நொறுங்கி, பழுப்புத் தூள் முகத்தில் கொட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சேஸ். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், செத்த இடத்தில் சத்தம் மழுங்கும். ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள் பிடிக்கும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் இடம், பின் குறுக்குச் சட்டம் மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் மயிரிழை விரிசல் இருக்கலாம். வயர் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் தெரியும்.

பாடி போனால் புதுப் பாடித் தொட்டி கிடைக்கும், அல்லது தகடு வெட்டிப் பிடிக்கலாம். சேஸில் ஓரிரு இடத்துக்கு மேல் போயிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

வீட்டில் எதுவரை செய்யலாம்? எதை வெளியே கொடுக்க வேண்டும்?

கழற்றுவது, கழுவுவது, துரு சுரண்டுவது, பிரைமர் அடிப்பது, பிரேக், வயரிங், புஷ், ஸ்பிரிங், கூலிங் சிஸ்டம், உள் அலங்காரம் எல்லாம் வீட்டிலேயே ஆகும். வேண்டியது மழை படாத ஒரு கொட்டகை, சமமான சிமென்ட் தரை, நல்ல ஸ்பேனர் செட், தடித்த நான்கு ஸ்டாண்டு, ஆங்கிள் கிரைண்டர், கிரீஸ் கன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும்.

வெளியே போக வேண்டியவை: டீசல் பம்பும் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் பம்ப் காலிபரேஷன் கடைக்கு, சிலிண்டர் போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் லேத்துக்கு, சேஸ் வெல்டிங் அந்த வேலையில் கைதேர்ந்தவரிடம். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு லேத் பஞ்சமில்லை. பழைய பாகம் தேட உக்கடமும் சென்னையில் புதுப்பேட்டையும் இருக்கின்றன. போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். இந்த ஜீப்புகளில் ஒரே மாடலுக்குள்ளேயே கியர் பாக்ஸும் ஆக்சிலும் மாறியிருக்கும், பெயரைச் சொல்லி வாங்கினால் பொருந்தாது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

பிரேக், ஸ்டீயரிங், சேஸ், கூலிங், இன்ஜின், வயரிங், கடைசியில் பெயின்ட். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் மாதமே டயரும் எல்.இ.டி. லைட்டும் வாங்கிவிடுவார்கள். பிறகு கையில் காசு இருக்காது, வண்டி நிற்காது.

இன்னொன்று. முழுவதுமாக ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். வீட்டுக் கொட்டகையில் போல்ட் போல்ட்டாகக் கழற்றிய ஜீப்புகளில் பல பிறகு சாக்கு மூட்டையில் விலைக்கு வருகின்றன. ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, பூட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைக் கவரில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.

ஓட்டைத் தரையை நானே வெல்டு அடிக்கலாமா?

தகட்டு வேலை கற்றுக்கொள்ளக்கூடியதே. வெறும் ஆர்க் வெல்டிங்கில் மெல்லிய தகடு பொத்துக்கொள்ளும், சி.ஓ.2 வெல்டிங் மெஷின் வாடகைக்கு எடுங்கள். துரு பிடித்த பகுதியைச் சுரண்டிவிட்டு மேலே தகடு ஒட்டுவது வேலையே இல்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே அளவுக்குப் புதுத் தகடு வெட்டிப் பொருத்த வேண்டும். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு அலை அலையாக வளைந்துவிடும். இங்கொரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வையுங்கள்.

ஜி.ஐ. ஷீட் மலிவு, துருவும் பிடிக்காது என்று சிலர் அதையே போடுவார்கள். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டு சூட்டில் புகையாகி மூச்சில் ஏறினால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சு இல்லாத சி.ஆர். ஷீட் வாங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் வெல்டு வேண்டாம், ஆல்டர்னேட்டர் போய்விடும். சி.ஜே.3பி-யில் எரிபொருள் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கும். தரையில் வெல்டு வைப்பதற்கு முன் டேங்கை இறக்கி வெளியே வையுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி.

வெல்டு முடிந்ததும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, பிறகு எபாக்சி பிரைமர். வெறும் ரெட் ஆக்சைடு அடித்து மழைக்காலம் முழுக்க நிறுத்தினால் ஈரம் உள்ளே போகும். அடிப்பாகத்தில் கழிவு ஆயில் அடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ரப்பர் புஷ் ஊறிக் கெடும், தூசி ஒட்டி அப்பும், வாசல் முழுக்க எண்ணெய்.

இன்ஜினை ஓவரால் செய்தே ஆக வேண்டுமா?

பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்ஜின் சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி பரவாயில்லை. ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று தள்ளினால் ரிங், போர் தேய்ந்துவிட்டது. கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப். நீலப்புகை ஆயில் எரிவது. வெள்ளைப்புகை காலையில் கொஞ்சம் வந்து நின்றால் விட்டுவிடுங்கள். நிற்காமல் வந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

பெஜோ இன்ஜினில் ஹீட்டர் பிளக் உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று இன்ஜினைப் பிரிக்கும் முன் அந்த நான்கு பிளக்கையும் சோதியுங்கள். டி.ஐ. இன்ஜினுக்கு அந்த வேலை இல்லை.

இன்னொரு நாட்டு வழக்கம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. "நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு சார்" என்பார்கள். அது இல்லாத இன்ஜின் மலையில் குளிர்காலையில் சூடாகவே ஆகாது, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். வண்டி சூடேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர். ரேடியேட்டரின் உள் குழாய்களில் கம்பி விட்டு அடைப்பெடுத்து (ராடிங்), தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள்.

டீசல் தீர்ந்து நின்றால் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?

ஏர் லாக். டீசல் லைனில் காற்றுக் குமிழி நுழைந்துவிட்டால் பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் குமிழிதான் சுருங்கி விரியும், நாசில் திறக்காது. சாலையோரத்தில் செய்யக்கூடியதுதான்.

டீசல் ஊற்றியபின் ஃபில்டர் தலையில் உள்ள பிளீடர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். கை பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் வராது, பிறகு நுரை நுரையாகச் சீறும், கொஞ்ச நேரத்தில் குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வழியும். கை பம்பும் அப்போது கெட்டிப்படும். அந்த நிலையிலேயே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் இதே வேலை. இன்னும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பக்கம் பைப் நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் அடிக்க, டீசல் துளிர்த்ததும் இறுக்குங்கள். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நாசில் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அடிக்கடி ஏர் லாக் ஆனால் எங்கோ காற்று இழுக்கிறது. வெடித்த ரப்பர் குழாய், அல்லது பலமுறை போட்ட செம்பு வாஷர்.

பிரேக் எப்போதும் மோசம்தானா இந்த ஜீப்புகளில்?

பேர் அப்படி. நான்கும் டிரம், பல வண்டிகளில் பூஸ்டர் கிடையாது. ஆனாலும் சரியாக வைத்த டிரம் பிரேக் ஜீப்பை நிறுத்தும். மோசமாக இருப்பது பராமரிப்பு.

டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவில் எண்ணெய் பளபளத்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமே அதே கதை. டிரம் உள்ளே விரலை ஓட்டுங்கள், படி தட்டுப்பட்டால் லேத்தில் டர்னிங். வீல் சிலிண்டரின் உள்சுவரில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் வாஷர் கிட் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரம் முதலில்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். தொட்டியில் ஆயில் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

இரும்பு பிரேக் பைப் முழுவதையும் மாற்றிவிடுங்கள், நன்றாகத் தெரிந்தாலும் சரி. பல பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். ஒரு பைப் பொத்தால் பெடல் தரையைத் தொடும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதியில் அது நடக்கக் கூடாது.

அறுபதில் போனால் ஸ்டீயரிங் உதறுகிறது.

முதலில் டயர் பேலன்ஸ். பிறகு முன் சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது கிங் பின். இடவலமாக ஆடினால் டை ராட் முனைகள். கடைசியாகத்தான் ஸ்டீயரிங் பாக்ஸ். அதன் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை இறுக்கினால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தேய்ந்தது வேறு எங்கோ இருக்கும், பாக்ஸ் இறுகி வளைவிலிருந்து ஸ்டீயரிங் திரும்பி வராமல் போகும்.

லிஃப்ட் கிட், பெரிய டயர்?

தொழிற்சாலையிலிருந்து வந்த 6.00-16 டயர் மெலிந்து உயரமாக இருக்கும், சேற்றை அறுத்துக்கொண்டு போகும். ரேடியல் வேண்டும் என்பவர்கள் 15 அங்குல ரிம்மில் 215/75 அல்லது 235/75 போடுகிறார்கள். அது போதும். அதற்கு மேல் போனால் கியர் விகிதம் நீளும், மேட்டில் இன்ஜின் திணறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பிரேக்குக்கு வேலை கூடும்.

லிஃப்ட் எனக்குப் பிடிக்காது. ஏற்கெனவே உயரமான, குறுகலான வண்டி. இன்னும் தூக்கினால் புரள்வது சுலபமாகும், ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணம் ஏறி கிராஸ் பேரிங் சீக்கிரம் போகும். ஸ்பிரிங் பட்டை தொங்கிப்போயிருந்தால் பழைய வளைவுக்கு அடித்து, புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் புதிதாகப் போடுங்கள். உண்மையில் எவ்வளவு தேவை என்று தெரிய மூணாறு பக்கம் உள்ள சூரியநெல்லிக்குப் போய், 7,000 அடிக்கு மேலே உள்ள கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பாருங்கள். டிரைவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏற்றுவார்கள்.

ராணுவப் பச்சை அடிக்கலாமா?

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும். வேறு எந்த நிறம் அடித்தாலும் ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கிராஷ் கார்டு, வின்ச், எல்.இ.டி. பார், ஹார்ட் டாப்: எதெல்லாம் சட்டப்படி சரி?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்வது: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை என்று வந்தது, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கிராஷ் கார்டு வேண்டாம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மேல் மோதினால் உயிரை எடுக்கும் பொருள் அது. எல்.இ.டி. பார் சாலையில் எரிந்தால் எதிரே வருபவருக்குக் கண் இருட்டும், அதனால் எனக்கு அது தேவையில்லாத செலவு. நல்ல ஹெட்லைட்டும், ரிலே வைத்த தடித்த வயரும் போட்டாலே இரவு பகலாகிவிடும். பழைய ஜீப்பின் மங்கிய வெளிச்சத்துக்குக் காரணம் பாதி நேரம் சரியில்லாத எர்த்.

இன்ஜின் மாற்றம், பாடி மாற்றம், இருக்கைக் கூட்டல் எதுவானாலும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

நான்கு சக்கர இழுவையை எப்போது போடுவது?

மண், சேறு, மணல், ஈரப்புல், சரளை ஏற்றம். காய்ந்த தார்ச்சாலையில் கூடாது. இந்த ஜீப்புகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போகும், அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் ஷாஃப்ட்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும். மண்ணில் டயர் வழுக்கி அதை விடுவிக்கும். தாரில் முடியாது, லிவரும் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் கொஞ்சம் ரிவர்ஸில் நேராக வாருங்கள், விடும்.

லோ ரேஞ்ச் ஏற்றத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வில்லிஸ் வழிவந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ விகிதம் சுமார் 2.46. செங்குத்தான மண் இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினே பிடித்துக்கொண்டு இறக்கும். ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மாதிரி தார் மலைப்பாதையில் சாதாரண இரண்டாம் கியர் போதும்.

ஓடையில் இறக்கலாமா?

இறங்கி நடந்து ஆழம் பார்க்காத தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுக்கும். அதைத் தடுக்க ஆக்சில் பிரீதரில் (ஆக்சில் மூச்சு விடும் துளை) ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானெட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். வீட்டில் செய்யும் மாற்றங்களில் இதைவிட மலிவாக இதைவிட உருப்படியானது இல்லை. கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போனால் டிரம் காயும். மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் வந்திருந்தால் மாற்றியாக வேண்டும்.

ராத்தங்கலுக்கு வண்டியில் என்ன செய்து வைக்கலாம்?

குறைவாக. பின் தொட்டியில் பூட்டு வைத்த ஒரு பிளைவுட் பெட்டி, அதன் மேலேயே உட்கார, படுக்க. மேல்கூரைக் கூடாரம் துணி டாப்புக்கு ஆகாது, எடையும் தலைக்கு மேலே. தரைக் கூடாரமும் வண்டியிலிருந்து இழுத்துக் கட்டும் ஒரு தார்ப்பாயும் போதும். போன் சார்ஜுக்கும் விளக்குக்கும் தனிச் சின்ன பேட்டரி. இரவெல்லாம் வண்டி பேட்டரியில் எரியவிட்டால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சீட் பெல்ட் இல்லாத வண்டியில் அதை முதலில் போடுங்கள்.

எங்கே ஓட்டலாம்?

காட்டுக்குள் என்று நினைத்தால், இல்லை. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், சரணாலயங்களுக்கு 1972 வனவிலங்குச் சட்டம் தனி. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ நடந்த பிறகு மலையேற்ற விதிகளும் இறுகின. காட்டோரத்தில் அடுப்பு மூட்டுவதை மறந்துவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு.

மிச்சம் என்ன? எஸ்டேட் சாலைகள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. நண்பர் தோட்டம், பட்டா நிலத்து மேடு பள்ளம், மலைக் கிராமங்களுக்குப் போகும் பஞ்சாயத்து மண்சாலைகள். பழைய ஜீப்புக்கு இதுவே தாராளம்.

செலவு எவ்வளவு ஆகும்?

வண்டி விலைக்குச் சமமான தொகை தனியாக இல்லாமல் தொடங்காதீர்கள். கைவேலை உங்களுடையதாக இருந்தாலும் பாகமும் லேத்தும் பெயின்டும் அதைத் தின்றுவிடும். லாபத்துக்கு விற்கலாம் என்ற கணக்கு பெரும்பாலும் தேறாது.

ஐம்பது வருட ஜீப்பை வின்டேஜாகப் பதிவு செய்யலாமா?

2021 ஜூலை விதிப்படி, 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டும். மலைக்குப் போக நினைப்பவருக்கு அது உதவாது.

முதல் நீண்ட பயணத்துக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டும் கிளிப்போடு, டீசல் ஃபில்டர், செம்பு வாஷர் ஒரு கைப்பிடி, ஃபியூஸ், வயர், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், ஒரு கிராஸ் பேரிங், கட்டுக்கம்பி. ஐந்து லிட்டர் தண்ணீர், குடிக்க அல்ல, ரேடியேட்டருக்கு. இழுக்கும் பட்டையும் இரண்டு டி-ஷாக்கிளும். பட்டையை சேஸில் போல்ட் செய்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், பம்பரில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு பறக்கும். காற்று பம்பும் அளவுமானியும் இருந்தால் மணலில் 18 பி.எஸ்.ஐ.வரை இறக்கி, சாலைக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் முறை வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றுக்குள் போங்கள். திரும்பி வந்து எல்லா சக்கர நட்டையும் யு போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பூட்டிய ஸ்பிரிங் பட்டை முதல் ஓட்டத்திலேயே தளரும்.